ஏன் அழுதாள் – கேட்கவும்

பேராசிரியருக்குப் பயம் எப்போதும் வயிற்றில்தான் வரும். அறிவாளியின் பயம் சிந்தனையில் பிறக்கிறது என்று வகுப்பில் முழங்கியவர்தான். ஆனால் சம்மன் வந்த இந்தப் பத்து நாளில் கழிப்பறைக்கும் கூடத்துக்குமாக அவர் நடந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தால், முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கரைக் குடியிருப்பில் அவர் செய்த களப்பணியில் நடந்ததைவிட அதிகமாகவே வரும்.

சம்மனில் நாலு வரிதான். மேல்முறையீட்டு நீதிமன்றம், காலை பத்தரை மணி, நிபுணர் சாட்சி. நாலாவது வரிதான் வயிற்றில் புளியைக் கரைத்தது: ‘அசல் களக்குறிப்பு நோட்டுடன் நேரில் ஆஜராகவும்.’ அந்தப் பத்தரை மணி இப்போது நாளைக்கு வந்து நின்றது.

அவர் சட்ட மானுடவியலாளர். அப்படியென்றால் என்ன என்று கல்யாணமான புதிதில் மாமனார் கேட்டதற்கு முக்கால் மணி நேரம் விளக்கினார், மாமனார் தூங்கிவிட்டார். சுருக்கமாகச் சொன்னால், ஜனங்கள் எழுதிவைக்காமலே நடத்திக்கொண்டிருக்கும் சட்டங்களைப் போய்க் கேட்டு, எழுதிவைத்துவிட்டு வருகிற தொழில். அந்தத் தொழிலில் அவர் ராஜா. அவர் எழுதிய ‘அணைந்த அடுப்பு’ ஐந்நூறு பக்கம். முழுதாகப் படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். ஆனால் அதன் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு வாக்கியம் உலகத்தையே சுற்றி வந்துவிட்டது:

‘ஏரிக்குடிகளிடையே, கைம்பெண்ணின் வீட்டில் தொடர்ந்து மூன்று நாள் அடுப்பு எரியாது போனால், அவ்வீடு அவளது கணவனின் சகோதரர்களைச் சேர்கிறது.’

இதற்கு ‘அடுப்பு விதி’ என்று அவரே பெயரும் வைத்தார். அந்த ஒற்றை வாக்கியத்தின் மேல் பதிமூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கினார்கள். ஒருவர் அடுப்பு என்பது அதிகாரத்தின் குறியீடு என்றார். இன்னொருவர், இல்லை, சாம்பல்தான் குறியீடு என்று மறுத்து வெளிநாட்டில் வேலை வாங்கிக்கொண்டார். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் பேராசிரியரை ‘அடுப்பு சார்’ என்றார்கள். அவருக்கு அது தெரியும். உள்ளூரப் பெருமையும் உண்டு.

இரண்டாம் பதிப்புக்காகப் பதினைந்து வருஷம் கழித்து ஏரிக்கரைக்குப் போனவர், ஒரு பகல்தான் தங்கினார். குடியிருப்புத் தலைவரின் அறையில் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, ‘இவ்விதி இன்றும் உயிரோடிருப்பதைக் கண்ணாரக் கண்டேன்’ என்று முன்னுரையில் எழுதினார்.

இப்போது அந்த விதி ஒரு பெண்ணின் வீட்டை விழுங்கியிருந்தது.

ஏரிக்கரைப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவள் அவள். புருஷன் இறந்து நாலு வருஷம். வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்திருந்தாள். தையல் பிரித்துத் திரும்பி வந்தால் வாசலில் வேறு பூட்டு. கொழுந்தன் கையில் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம், பிளாஸ்டிக் உறை போட்டு. வழக்குப் போட்டாள். கீழ்க் கோர்ட்டு பேராசிரியரின் புத்தகத்தையும், ‘இது பலரிடம் விசாரித்து என் களக்குறிப்பில் உறுதிசெய்யப்பட்ட வழக்கம்’ என்று அவர் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தையும் பார்த்துவிட்டு, வீடு கொழுந்தனுக்கே என்றது. பத்திரத்தை எழுதிக் கொடுத்தது அவருடைய சிஷ்யர், இன்றைய துறைத் தலைவர். பேராசிரியர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். தன் பெருமையைத் தானே சரிபார்ப்பது அநாகரிகம் என்பது அவர் கொள்கை.

காலை பதினொரு மணிக்கு இரும்பு பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து நோட்டை எடுத்தார். பச்சை அட்டை. பாச்சை உருண்டை வாசனை. பக்கத்தைப் புரட்டினார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“கெடைச்சுதா?” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.  பின்னாலேயே அவரும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பதிவாளர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘அணைந்த அடுப்பு’ முழுவதையும் இரண்டு தடவை டைப் அடித்தவர். முழுதாகப் படித்த அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர்.

“ஏங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? பூச்சி அரிச்சுடுச்சா?”

“அரிச்சிருந்தா நல்லாயிருக்கும்” என்றார் பேராசிரியர்.

மனைவி நோட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தார். இளவயதுப் பேராசிரியரின் முத்து முத்தான கையெழுத்து.

‘கேள்வி 31: கைம்பெண் எந்தச் சூழ்நிலையில் வீட்டுரிமையை இழக்கிறாள்? பதில் (வலை தைப்பவள், நாற்பது வயதிருக்கும்): மூன்று நாள் அடுப்பு எரியவில்லை என்றால் போதும், கொழுந்தன் வந்து பூட்டுப் போட்டுக்கொள்வான், வீடு அவனுக்குத்தான்.’

ஓரத்தில், பென்சிலில்: ‘சொல்லும்போது அழுதாள். ஏன் அழுதாள் – கேட்கவும்.’

அதற்குக் கீழே: ‘மாலை 4 மணிப் படகு.’

அதற்குப் பிறகு நோட்டில் வெள்ளைப் பக்கங்கள்தான்.

மனைவி இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். “மீதிப் பேர் எங்க?”

“எந்த மீதிப் பேர்?”

“பலரிடம் விசாரித்துன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, அந்தப் பலர்.”

“ஒருத்திதான்.”

“ஒருத்தி. அவளும் சட்டம் சொல்லலங்க. தன் வீட்டைப் புடுங்கிட்டான்னு உங்ககிட்ட அழுதிருக்கா. திருட்டுக் குடுத்தவ புகார் சொன்னா, திருடறதுதான் இந்த ஊர் சட்டம்னு எழுதிட்டு வந்திருக்கீங்க.”

 இப்படி ஒரு வரியில் பேராசிரியரின் ஆய்வை விமர்சிக்க எந்த எதிராளிக்கும் இதுவரை முடிந்ததில்லை.

“கேள்வியே அப்படித்தான் இருந்துச்சு” என்றார் பலவீனமாக. “எந்தச் சூழ்நிலையில் இழக்கிறாள்னு கேட்டேன். இழக்கறாளான்னு கேக்கல.”

“நான் டைப் அடிக்கறப்பவே கேட்டேன்ல, எத்தனை பேர் சொன்னாங்கன்னு? என்ன சொன்னீங்க, ஞாபகமிருக்கா? ‘ஆழமான தகவலாளி ஒருத்தர் போதும், உனக்கு முறையியல் புரியாது’ன்னீங்க. எனக்குப் புரியலதான். ஐந்நூறு பக்கம் அடுப்பைப் பத்தி எழுதின மனுஷனுக்கு இன்னிக்கு வரைக்கும் அடுப்புப் பத்தவைக்கத் தெரியாதே, அதுவும்தான் எனக்குப் புரியல.”

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்து கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. “பொய்ப் பிரமாணம்னு உள்ள தள்ளிட்டாங்கன்னா?” என்றார்.

“அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா தங்கச்சி வீட்டுக் கூடத்துல படுத்துக்கிட்டிருக்காளாம். பேப்பர்ல போட்டிருந்தான்” என்றார் மனைவி. கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. இருந்தாலும் பேராசிரியர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

மதியம் துறைத் தலைவர் வந்தார். கதவைத் தட்டிய விதத்திலேயே அவருக்கும் வயிற்றுக்கோளாறு என்பது தெரிந்தது. பேராசிரியர் வளர்த்த பிள்ளை. முனைவர் பட்டம் ‘ஈர விறகு: அடுப்பு விதியில் தாமதத்தின் அரசியல்’. விதி பொய்யானால் விறகு என்னாவது? நோட்டை வாங்கிப் பார்த்தவர், பென்சில் வரியில் கண் நிலைக்க, மனைவி கொடுத்த காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

“சார். இதை வேற யாராவது பாத்தாங்களா?”

“நான் பாத்தேன்” என்றார் மனைவி.

“நீங்க வீட்டாளுங்கம்மா.” குரலைத் தாழ்த்தினார். “சார், பழைய நோட்டு. முப்பது வருஷம். வெள்ளம் வருது, கரையான் வருது, வீடு மாத்தறோம். காணாமப் போறது சகஜம். கோர்ட்டும் நம்பும்.”

“வெள்ளம் வரலையேப்பா” என்றார் பேராசிரியர்.

“வந்திருக்கலாம்ல சார்.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, வேறெதாவதா என்று தெரியவில்லை.

“நான் எனக்காகச் சொல்லல சார்” என்று துறைத் தலைவர் ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் எல்லாருமே தங்களுக்காகத்தான் சொல்வார்கள். “அடுத்த மாசம் உங்க பேர்ல ஆய்வு மையம் திறக்கறோம். உங்க மார்பளவுச் சிலை வந்து இறங்கிடுச்சு. மூக்கு கொஞ்சம் பெருசா வந்திருக்கு, தேய்க்கச் சொல்லியிருக்கேன். பாராட்டு மலர் அச்சுல இருக்கு, இருபத்தியாறு கட்டுரை, இருபத்தியாறும் அடுப்பு. பதிமூணு பேர் பட்டம், சார். அதுல நாலு பேர் பாடநூல் எழுதியிருக்காங்க. சட்டக் கல்லூரியில பரீட்சைக்கு வருது, அஞ்சு மார்க்கு. ஒரு பென்சில் வரிக்காக இத்தனையையும்…”

“அந்தப் பொண்ணோட வீடு?” என்றார் மனைவி.

“ஒரு வீடுதானேம்மா.”

“ஒண்ணுதானாப்பா? நீதான ஆராய்ச்சி பண்ணின. இதுவரைக்கும் எத்தனை?”

துறைத் தலைவர் காப்பியைப் பார்த்தார். அவருக்கு எண் தெரியும். அவருடைய ஆய்வேட்டின் அட்டவணை நான்கிலேயே எட்டு வீடு இருக்கிறது. ‘விதியின் உயிர்ப்புக்குச் சான்று’ என்று தலைப்பும் போட்டிருக்கிறார். “இந்தப் பொண்ணோடதையும் சேத்து ஒம்பது” என்றார் கடைசியில்.

பேராசிரியரின் காதில் அந்த எண் விழுந்தது, வயிற்றில் போய் இறங்கியது. ஒன்பது வாசல், ஒன்பது பூட்டு. ஒன்றுகூட ‘அணைந்த அடுப்பு’ அச்சாவதற்கு முன்னால் இல்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அட்டவணை நான்கை அவர்தான் வெகுவாகப் பாராட்டி மதிப்பெண் போட்டிருந்தார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது துறைத் தலைவர் கடைசியாக ஒன்று சொன்னார். குரலில் இப்போது குழைவு இல்லை. “பத்திரத்துல கையெழுத்து உங்களோடது சார். என்னோடது இல்ல. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.”

மறுநாள் காலை நீதிமன்ற வராந்தாவில் பேராசிரியரும் மனைவியும் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நோட்டு மனைவியின் துணிப்பையில், தண்ணீர் பாட்டிலுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில் இருந்தது. கொண்டுவருவதா வேண்டாமா என்று அவர் கடைசிவரை முடிவு செய்யவில்லை. மனைவி கேட்கவும் இல்லை, பையில் போட்டுக்கொண்டார். கொண்டுவந்த மாதிரியும் ஆச்சு, கொண்டுவராத மாதிரியும் ஆச்சு.

“தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னா நீ ஏதாவது சொல்லுவியா?” என்றார் மெதுவாக.

“சாட்சி நீங்கதான். நான் டைப் அடிக்கறவ.”

எதிர் பெஞ்சில் ஒரு பெண், மடியில் ஒரு பை. பையின் காதில் ஒரு பழைய சாவி கட்டியிருந்தது. பூட்டே மாறிவிட்ட வீட்டின் சாவி. படகுத்துறைக்காரி அவள்தான் என்று யாரும் சொல்லாமலே பேராசிரியருக்குத் தெரிந்தது. அவள் அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்; பெரிய மனுஷர்களைப் பார்த்தால் அசைக்கிற அசைப்பு. திட்டியிருந்தால்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். பார்வையைக் கூரை விசிறிக்கு மாற்றினார். 

கூண்டில் ஏறியபோது கைப்பிடிக் கட்டையை இறுகப் பற்றிக்கொண்டார். நீதிபதி அம்மாள் மேசையில் ‘அணைந்த அடுப்பு’ இரண்டாம் பதிப்பு. அட்டையில் கண்ணாடிச் சட்டத்தின் பக்கத்தில் நின்று அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

“நான் சட்டக் கல்லூரியில உங்க சிறப்பு உரை கேட்டிருக்கேன் சார்” என்றார் நீதிபதி அன்போடு. “உக்காந்தே சாட்சி சொல்லலாம். நாற்காலி போடுங்கப்பா.”

நாற்காலி வந்தது. மரியாதை கூடக் கூட அவர் பயமும் கூடியது.

கொழுந்தனின் வக்கீல் கனத்த ஆள். சொந்தக் குரல் தனக்கே பிடித்துப்போன ரகம். “ஐயா அவர்களே, உலகம் போற்றும் தங்கள் நூலின் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை இந்த மன்றத்துக்குத் தங்கள் திருவாயால் படித்துக் காட்டுவீர்களா?”

படித்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் நூறு மேடையில் படித்த வரி. நாக்கு தானாகவே ஓடியது. ‘…கணவனின் சகோதரர்களைச் சேர்கிறது’ என்று முடித்தபோது பின்னால் ஒரு சத்தம். படகுத்துறைக்காரி அழுதாள். கதறவில்லை, மூக்கை உறிஞ்சினாள், அவ்வளவுதான்.

அவள் தரப்பு வக்கீல், சளி பிடித்த, இலவச சட்ட உதவியில் வந்தவர், எழுந்தார். “அசல் நோட்டு கேட்டிருந்தோம் அம்மா.”

“முப்பது வருஷ நோட்டை எங்கே தேடுவது?” என்றார் கனத்த வக்கீல், பேராசிரியருக்கு ஒரு வாசலைத் திறந்து விடுகிற மாதிரி. “தொலைந்திருக்கும். புத்தகமே போதுமே. அந்த அம்மா அழுகிறார்களே என்றால், அழுகையெல்லாம் ஆதாரம் ஆகுமா? ஏன் அழுகிறார் என்று கேட்டுக்கொண்டிருப்பதா நமக்கு வேலை?”

நீதிபதி பேராசிரியரைப் பார்த்தார். “நோட்டு இருக்கா சார், இல்லையா?”

வாசல் திறந்துதான் இருந்தது. ‘இல்லை’ என்று ஒரு சொல். சிலைக்கு மூக்குத் தேய்ப்பார்கள், மலர் வெளிவரும், அவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.  ஆனால் ‘ஏன் அழுதாள்’ என்று பென்சிலில் எழுதியதோடு விட்டுவிட்டுப் படகேறிய தானும் அந்தக் கனத்த வக்கீல் இப்போது சொன்னதைத்தான் செய்திருக்கிறோம் என்பது அவர் கண்முன்னால் வந்து நின்றது. வக்கீலாவது வாய்விட்டுச் சொன்னார்.

“இருக்கு” என்றார். குரல் கிழிந்து வந்தது. “என் வீட்டுக்காரி பையில இருக்கு.”

மனைவி எழுந்து, தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்து, மாத்திரை டப்பாவை எடுத்து, நோட்டை எடுத்துக் கோர்ட்டுச் சேவகரிடம் கொடுத்தார். 

அவரே படித்தார். கேள்வி முப்பத்தொன்று. பதில். ஓரத்துப் பென்சில் வரி. படகு நேரம். நீதிபதி தன் கையிலிருந்த புத்தகத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மத்த பேரெல்லாம்?”

“யாரும் இல்லம்மா. ஒருத்தி. அவளும் விதி சொல்லல. தனக்கு நடந்த அநியாயத்தைச் சொன்னா. நான்தான் அதை விதின்னு எழுதிட்டேன்.”

“அப்ப நீங்க கையெழுத்துப் போட்ட பிரமாணம்?”

“தப்பு. படிக்காம போட்டேன்.” நோட்டை மூடினார். “படிச்சிருந்தாலும் போட்டிருப்பேன்னுதான் நினைக்கிறேன்.”

 உண்மையைச் சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று எங்கோ படித்திருந்தார். போகவில்லை. போகாததற்குக் காரணம் அடுத்த நிமிஷமே எழுந்து நின்றது.

கனத்த வக்கீல் சிரித்துக்கொண்டிருந்தார். “நல்லது. பேராசிரியர் தவறு செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். விதி முப்பது வருஷத்துக்கு முன்னால் இருந்ததோ இல்லையோ, இப்போது இருக்கிறது. குடியிருப்புத் தலைவர் அறையில் மாட்டியிருக்கிறது. ஒன்பது வீடுகள் அதன்படி கைமாறியிருக்கின்றன, இந்த அம்மாவைத் தவிர யாரும் எதிர்க்கவில்லை. இதே நூலின் ஏழாம் அத்தியாயத்தில் ஐயா என்ன சொல்கிறார்? ‘ஒரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியமில்லை, ஜனங்கள் அதை நம்பி நடந்தால் அதுவே சட்டம்.’ இது தங்கள் வரிதானே?”

“ஆமா.”

“அதைப் படிக்காமல் எழுதவில்லையே?”

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பேராசிரியர் இதுவரை தன் மானம் போகுமே, சிறைக்குப் போவோமே என்றுதான் பயந்தார். இப்போது வந்தது வேறு பயம். பென்சில் வரி ஒன்றைப் பிழை என்று ஒத்துக்கொள்ளலாம். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் சோறு போட்ட கோட்பாடு முழு உடம்போடு எழுந்து அந்தப் பெண்ணின் வாசலில் காவல் நிற்கிறதே, அதை என்ன செய்வது? ஐந்நூறு பக்கத்தில் ஒரு பதில் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

“நம்பினோம்னு யாருங்க சொன்னது?”

படகுத்துறைக்காரி எழுந்து நின்றிருந்தாள். சேவகர் “உக்காரும்மா” என்றார். நீதிபதி கையமர்த்தினார். “சொல்லட்டும்.”

“அம்மா, எங்க ஊர்ல இதை யாரும் நம்பல. பெரியவங்க யாரைக் கேட்டாலும், இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லைன்னுதான் சொல்லுவாங்க. ஆனா புஸ்தகத்துல போட்டிருக்கு, கோர்ட்டுல செல்லும், படிச்சவங்க எழுதினதுன்னு சொல்லி அந்தக் காகிதத்தக் கொண்டாந்து காட்டுவாங்க. நாங்க பயந்தோம். நான் ஆபரேஷனுக்குப் போறதுக்கே ஒரு வருஷம் தள்ளிப் போட்டேன், அடுப்பு அணைஞ்சுடுமேன்னு. அதுக்குள்ள கட்டி பெருசாயிடுச்சு. நம்பியிருந்தா எதுக்கும்மா கேஸ் போடுவேன்? பயந்தவங்க வாயத் திறக்கல. அதை எதிர்க்கலன்னு இவரு சொல்றாரு.”

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். பேராசிரியரைப் பார்த்துக் கேட்டார்: “சார், உங்க கோட்பாட்டுல பயந்து நடக்கிறது எங்க வருது?”

“வரல அம்மா” என்றார் பேராசிரியர். “அதைப் பத்தி நான் யோசிச்சதே இல்ல. இந்தப் பத்து நாளாத்தான் பயந்திருக்கேன்.”

மதியத்துக்குள் உத்தரவு வந்தது. பயமுறுத்தி வாங்கிய மௌனம் வழக்கமாகாது. கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு ரத்து. மூன்று நாளுக்குள் வீட்டைத் திறந்து ஒப்படைக்க வேண்டும். மற்ற எட்டு வீடுகள் பற்றி அறிக்கை கேட்டிருந்தார்கள். கடைசிப் பத்தி பேராசிரியருக்கு: தவறான பிரமாணத்துக்காக உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது, முப்பது நாளில் பதில் தரவும். அவர் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இந்தத் தடவை முழுதாகப் படித்தார்.

வராந்தாவில் போன் அடித்தது. துறைத் தலைவர். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தார்.

“சார், செய்தி பாத்தேன். ஒரு யோசனை. இருபத்தியாறு கட்டுரையையும் மாத்திடலாம். ‘பிழையின் மானுடவியல்’னு தலைப்பு. உலகத்துல யாருமே தன் தப்பை இப்படி ஒத்துக்கிட்டதில்ல சார். சிலையைக்கூட…”

பேராசிரியர் போனை அணைத்தார். சிலை மூக்கில்லாமல் நின்றால்தான் பொருத்தம் என்று சொல்ல நினைத்தார், சொல்லவில்லை.

படகுத்துறைக்காரி படியிறங்கிக்கொண்டிருந்தவள் நின்று திரும்பினாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கும் பயமாக இருந்தது.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“அந்த அம்மா அழுதாங்கன்னு எழுதியிருக்கீங்களே. ஏன்னு அப்பவே கேட்டிருக்கலாமே?”

“நாலு மணிப் படகு” என்றார் பேராசிரியர். “அதை விட்டுட்டா…”

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். இருபது வருஷம் அதே துறையில் டிக்கெட் கிழித்தவள்.

“அந்தக் காலத்துலேர்ந்து அங்க தினமும் நாலு மணிக்குப் படகு இருக்குங்கய்யா” என்றாள். “மறுநாளும் இருந்துச்சே.”

பையின் காதிலிருந்து பழைய சாவியை அவிழ்த்துக்கொண்டே போனாள். மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். பேராசிரியர் வாங்கிக் குடித்தார். 

“வயிறு எப்படியிருக்கு?” என்றார் மனைவி.

“அப்படியேதான் இருக்கு.”

“இருக்கட்டும்” என்றார் மனைவி. “நாளைக்கு எத்தனை மணிக்குப் படகுன்னு அவகிட்ட கேட்டுட்டு வந்துடறேன். மீதி எட்டு பேரையாவது உக்காந்து கேளுங்க. வெள்ளைப் பக்கம் நெறைய இருக்கு.”